கன்டெய்னரில் போகும் பலகையையே ஸ்டாலில் வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மர அறுவை ஆலை நடத்துகிறவர்களும், ஏற்றுமதியில் புதிதாக இறங்க நினைக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வன்மரப் பலகையை வெளிநாட்டுக் கண்காட்சிகளில் எப்படி முன்வைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டால் அளவு, விளக்கு, பேனர் பற்றியெல்லாம் கண்காட்சி நடத்துகிறவர்களே சொல்லிவிடுவார்கள். நான் பலகையிலிருந்து தொடங்குகிறேன்.

ஓக், வால்நட், செர்ரி, மேப்பிள், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களைத்தான் வன்மரம் என்கிறோம். இவற்றின் பலகையை யார் வாங்குகிறார்கள்? மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள், கதவு, தரைப்பலகை செய்கிறவர்கள், இவர்களுக்கு இறக்குமதி செய்து கொடுக்கும் வியாபாரிகள். இவர்களில் யாரும் ஸ்டாலில் நின்ற நிலையிலேயே ஒரு கன்டெய்னருக்கு ஆர்டர் கொடுப்பது அபூர்வம். வருவார், பலகையைத் தூக்கிக் கனம் பார்ப்பார், நகத்தால் கீறுவார், வெட்டுமுனையைத் திருப்பி வளையங்களைப் பார்ப்பார், சிலர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். அப்போது அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதே சரக்குதான் என் கிடங்கில் வந்து இறங்குமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கில்தான் அவர் அந்தப் பலகையைத் தொடுகிறார். அந்தக் கணக்கு சரியாக வரவேண்டுமானால், அந்தச் சோறு அந்தப் பானையிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். ஆனால் பல ஸ்டால்களில் நான் பார்ப்பது வேறு. ஆலையில் நீண்ட நாளாக ஒதுக்கி வைத்த மிக அழகான பலகையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு கணு கிடையாது, ஓரத்தில் வெளிறு எனும் வெளிப்பக்க இளமரம் கிடையாது, முழுக்க வைரம், அதாவது நடுமரம். எண்ணெய் பூசி, விளக்கு போட்டு வைக்கிறார்கள். அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர், பின்னால் கன்டெய்னரைத் திறக்கும்போது கணுவையும் வெளிறையும் பார்க்கிறார். தர விதிப்படி அது குற்றமில்லாத சரக்காகவே இருக்கலாம். ஆனாலும் ஏமாற்றப்பட்டதாகவே அவர் நினைப்பார், அவர் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. தகராறு வரும், விலைக்குறைப்பு கேட்பார், அடுத்த ஆர்டர் வராது. மொத்தத்தில் அந்த ஸ்டால் செலவு நமக்கு எதிராகவே வேலை செய்திருக்கும்.

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்க வன்மர வியாபாரத்தில் பலகையைத் தரம் பிரிக்கும் விதிகள் தேசிய வன்மரப் பலகைச் சங்கத்தின் விதிகள். அந்தச் சங்கம் 1898ல் தொடங்கப்பட்டது. உச்சியில் இருக்கும் எஃப்ஏஎஸ் தரத்துக்கு, பொதுவாகப் பலகை குறைந்தது 6 அங்குல அகலமும் 8 அடி நீளமும் இருக்க வேண்டும். அதன் பரப்பில் 83⅓ சதவீதமாவது, குறையில்லாத துண்டுகளாக வெட்டி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கவனியுங்கள், 100 சதவீதம் என்று விதியே சொல்லவில்லை. முதல் தரப் பலகையிலும் கணு இருக்கலாம். அடுத்து வரும் நம்பர் 1 காமன் தரத்தில் பலகை 3 அங்குல அகலம், 4 அடி நீளம் இருந்தால் போதும், 66⅔ சதவீதம் கிடைத்தால் போதும்.

இப்போது நாற்காலி செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒன்றரை அடி, இரண்டடித் துண்டுகள். நம்பர் 1 காமன் பலகையில் கணுக்களுக்கு நடுவே அந்தத் துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பழக்கத்தால் எஃப்ஏஎஸ் கேட்டு வருகிறவரிடம் இதைக் காட்டினால் அவருக்கும் லாபம், நம் ஆலையில் தேங்கும் நடுத்தரச் சரக்குக்கும் வழி பிறக்கும். எப்படிக் காட்டுவது? வெவ்வேறு தரப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்துங்கள். சாக்பீஸால் பலகையின் மேலேயே கோடு போட்டு, எந்தத் துண்டு எடுக்கலாம், எது கழியும் என்று அவர் கண்முன்னால் குறித்துக் காட்டுங்கள். அவர் செய்யும் பொருளின் அளவைக் கேட்டு, அதற்கேற்பத் திரும்பவும் கோடு போடுங்கள். பளபளப்பான கையேடு செய்யாத வேலையை அந்த சாக்பீஸ் செய்யும். பலகையின் ஒரு பாதியில் எண்ணெய் பூசி மறுபாதியை அப்படியே விடுங்கள், நிறம் எப்படி மாறும் என்று தானே பார்த்துக்கொள்வார். ஈரப்பதம் பார்க்கும் மீட்டரையும் மேசைமேல் வையுங்கள். சூளையில் 6 முதல் 8 சதவீதம் வரை உலர்த்திய பலகையை, கடலோரத்து ஈரக்காற்றில் திறந்த கொட்டகையில் போட்டுவைத்தால் திரும்ப ஈரம் குடித்து உப்பும். இதை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சரி, மரவகைக்கு வருவோம். காடு நம் ஆர்டரைப் பார்த்து வளர்வதில்லை. அமெரிக்காவின் வன்மரக் காடுகளில் மிக அதிகமாக நிற்பது ரெட் ஓக். ஆனால் உலகச் சந்தையில் மோஸ்தர் பெரும்பாலும் ஒயிட் ஓக் பின்னாலும் வால்நட் பின்னாலும் ஓடுகிறது. கேட்கிற இரண்டு வகையை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் காட்டில் மீதி மரத்துக்கு மதிப்பில்லாமல் போகும். அங்கே வன்மரக் காடுகளில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். மரத்துக்கு மதிப்பில்லை என்றால், காட்டைக் காடாக வைத்துப் பராமரிக்க அந்தக் குடும்பங்களுக்குக் காரணமும் குறைந்துவிடும். ஆகவே கேட்கப்படாத மரத்தை அறிமுகம் செய்வதுதான் கண்காட்சியின் மிகப் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன்.

இதை நன்றாகச் செய்து காட்டியது அமெரிக்க வன்மர ஏற்றுமதிக் கவுன்சில். எந்த ஒரு ஆலையின் பெயரையும் தூக்கிப் பிடிக்காமல் மரவகைகளை விளம்பரம் செய்கிற அமைப்பு அது. 2011ல் லண்டன் வடிவமைப்பு விழாவின்போது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வாசலில் ரெட் ஓக்கால் ஆன 12 மீட்டர் உயர வளைவை நிறுத்தினார்கள். அதற்கு டிம்பர் வேவ் என்று பெயர். 2013ல் டியூலிப்வுட் மரத்தை எடுத்துக்கொண்டார்கள். விலை குறைந்த மரம், வெளியே தெரியாத சட்டங்களுக்கும் பெயின்ட் அடிக்கும் வேலைகளுக்கும் போவது. அதைக் குறுக்கு நெடுக்காக அடுக்கி ஒட்டிய தடித்த பலகையாக்கி, லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன்னால் எண்ட்லெஸ் ஸ்டேர் என்ற படிக்கட்டுகளைக் கட்டினார்கள். அதுவரை அந்த ஒட்டுமுறை பெரும்பாலும் ஊசியிலை மரங்களுக்கே உரியதாக இருந்தது. 2016ல் அதே மரத்தால் 34 மீட்டர் நீளத்துக்கு வளைந்த குழாய் போன்ற ஒரு கட்டுமானம். 2017ல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் புற்றுநோயாளிகளுக்கான மேகீஸ் மையம் அந்த டியூலிப்வுட் பலகையாலேயே நிரந்தரக் கட்டடமாக எழுந்தது. நாலு வருடத்தில் ஒரு காட்சிப்பொருள் கட்டடமாக மாறியிருக்கிறது. நடுவில் பொறியாளர்கள் வலிமைச் சோதனை செய்தார்கள், கட்டடக் கலைஞர்கள் கையில் எடுத்துப் பார்த்துப் பழகினார்கள். நாலு நாள் கண்காட்சி முடிந்ததும் ஆர்டர் எங்கே என்று கேட்கிறவர்கள் இந்தக் கால அளவை நினைவில் வைக்க வேண்டும்.

சின்ன ஆலைக்காரர் தனியாக இதையெல்லாம் செய்ய முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. பல ஆலைகள் சேர்ந்து நிற்கும் பொது அரங்கு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வேளாண் துறையின் சந்தை அணுகல் திட்டம் இப்படிப்பட்ட கூட்டு விளம்பரங்களுக்குச் செலவில் பங்கு தருகிறது. மலேசியாவில் 1992 முதல் மலேசிய மரக் கவுன்சில் இந்த வேலையைச் செய்கிறது. போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்பதா என்று சிலர் தயங்குவார்கள். வாங்குகிறவர் முதலில் இந்த மரம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் யாரிடம் வாங்குவது என்ற கேள்வி வரும். முதல் பாதியை எல்லோரும் சேர்ந்து செய்தால் செலவு குறையும்.

எந்தக் கண்காட்சிக்குப் போவது? பெயரைப் பார்க்காதீர்கள், அங்கே யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஹனோவரில் நடக்கும் லிக்னா முதன்மையாக மரவேலை இயந்திரங்களுக்கானது. கொலோனில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இன்டர்சும், ஃபர்னிச்சர் செய்கிறவர்களுக்கான மூலப்பொருள் சந்தை. பிரான்ஸின் நான்ட் நகரில் நடக்கும் கார்ஃபூர் அன்டர்நாசியோனால் து புவா மர வியாபாரிகளே கூடும் இடம். வளைகுடா நாடுகளின் வியாபாரிகளைப் பார்க்க துபாய் வுட்ஷோ. முதல் முறை ஸ்டால் போடாமல் பார்வையாளராக ஒரு சுற்று சுற்றி வருவதையே நான் சிபாரிசு செய்வேன்.

ஒரே சந்தையில் மட்டும் போய் நிற்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வன்மரப் பலகை ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி ஒரு காலத்தில் சீனாவுக்குப் போனது. 2018ல் வர்த்தகப் போர் தொடங்கியதும் சீனா பதில் வரி போட்டது, 2019ல் பல வகைகளுக்கு அது 25 சதவீதம் வரை ஏறியது. ஏற்றுமதி சரிந்து பல ஆலைகள் திண்டாடின. வியட்நாமிலோ மெக்சிகோவிலோ வளைகுடாவிலோ முன்பே முகம் காட்டி வைத்திருந்தவர்களுக்குப் பேசுவதற்காவது ஆள் இருந்தது. வரி விழுந்த பிறகு போய்ப் புதிதாகக் கை குலுக்கினால் பலன் கிடைக்கக் காலமாகும்.

சில நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரிப் பலகை அனுப்பும் மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும், மரப்பெட்டியோடு பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. வெப்ப முறை என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் வெறும் ஸ்டாலில்தான் நிற்பீர்கள். அளவு விஷயத்தில், கன மீட்டரில் யோசிக்கிறவரிடம் போர்டு ஃபுட்டில் (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன்) விலை சொல்லாதீர்கள். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 424 போர்டு ஃபுட் என்று நீங்களே கணக்குப் போட்டு வைத்திருங்கள். அந்த அளவு உலர்த்துவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதையும் எழுதிக் கொடுங்கள். உலர்ந்தால் மரம் சுருங்கும், அந்த வித்தியாசம் பணம்.

அடுத்தது சட்டம். ஐரோப்பாவில் 2013 முதல் மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று இறக்குமதி செய்கிறவர் உறுதி செய்ய வேண்டிய கட்டாயம் இருக்கிறது. 2023ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மரம் வளர்ந்த நிலத்தின் புவியிடக் குறியீட்டைக் கேட்கிறது. அதை அமல்படுத்தும் தேதி தள்ளிப் போனாலும், வாங்குகிறவர்கள் இப்போதே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பல சின்னச் சின்ன காட்டுச் சொந்தக்காரர்களின் தடிகள் ஒரே ஆலைமுற்றத்தில் கலந்து கிடக்கும்போது இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. இன்று வரும் தடிக்கு இன்றே பதிவு வைக்கத் தொடங்குங்கள், ஸ்டாலுக்கு அந்தப் பதிவேட்டின் மாதிரியையும் கொண்டுபோங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பிய பிறகு. வாங்கிவந்த விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அவர் என்ன செய்கிறார், எந்தத் தரம், எவ்வளவு தடிமன் கேட்டார் என்று அங்கேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் அவரவர் கேட்டதற்குத் தனித்தனியாக விலைப்புள்ளி போக வேண்டும், எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்புவது வீண். முதல் ஆர்டர் பல வகைகள் கலந்த ஒற்றைக் கன்டெய்னராக இருந்தால் சிறுசு என்று ஒதுக்காதீர்கள், அவர் நம்மைச் சோதித்துப் பார்க்கிறார். சரக்கு ஏற்றும்போது ஒவ்வொரு பலகை அடுக்கையும் பிரித்துப் படம் எடுத்து, கப்பல் கிளம்புமுன் அவருக்கு அனுப்புங்கள். கணு தெரிகிற படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.