சில்லறைக்கு வாங்கும் வெளிச்சம்

வணக்கம் நேயர்களே.

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கிற நமக்கு மின்சாரம் கடனுக்குத்தான் வருகிறது. முதலில் எரிக்கிறோம், மானி வாசிக்க ஆள் வருகிறார், பில் வருகிறது, பிறகு கட்டுகிறோம். போனுக்கு மட்டும் முன்காசு: ரீலோட் போட்டால்தான் பேச்சு. ஆப்பிரிக்காவின் பல கிராமங்களில் மின்சாரத்தையும் அப்படி ரீலோட் போட்டே எரிக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று இன்று பார்ப்போம்.

கென்யாவில் 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை தொடங்கியது. வங்கிப் பக்கமே போகாதவரும் பெட்டிக்கடையில் காசைக் கொடுத்துப் போனில் ஏற்றி அனுப்பலாம். 2012 அளவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் அந்த வழியிலேயே சூரிய விளக்கை விற்கத் தொடங்கியது. கூரைக்கு 8 வாட் தகடு, சில எல்இடி விளக்குகள், ஒரு ரேடியோ, போன் சார்ஜ் பண்ண வயர். முற்பணம் கொஞ்சம், மீதி நாளுக்கு 50 ஷில்லிங் அளவில். மண்ணெண்ணெய்க்கு அன்றாடம் போகும் காசோடு ஒப்பிட்டே விற்றார்கள். வருடத்துக்குக் கூட்டினால் 18,250 ஷில்லிங். மொத்தமாகக் கேட்டால் எந்தக் கூலிக்காரரிடம் இருக்கும்?

கடனுக்குப் பிணை என்ன? இருட்டுத்தான். தகட்டின் மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. காசு வராவிட்டால் நிறுவனம் தூரத்திலிருந்தே பெட்டியைப் பூட்டும், வந்ததும் திறக்கும். பூட்டிக் கிடந்த நாள் தவணையில் சேராது, கடன் பின்னுக்கு நீளும்.

சிக்னல் எட்டாத இடத்துக்கு இன்னொரு வகை உண்டு. காசு கட்டினால் அந்தப் பெட்டிக்கென்றே ஆக்கிய எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதைப் பெட்டியின் பொத்தான்களில் அழுத்த வேண்டும். இங்கேதான் சிக்கல் கூட. ஒரு இலக்கம் பிழைத்தால் பெட்டி ஏற்காது. பக்கத்து வீட்டு எண்ணும் ஏற்காது, ஏற்கெனவே போட்ட எண்ணும் ஏற்காது. இன்னொன்று: எஸ்எம்எஸ் வர வேண்டிய போனைச் சார்ஜ் பண்ணுவதே அந்தப் பெட்டிதான். பெட்டி பூட்டி, போனும் செத்துவிட்டால் அயல்வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். ஆகவே நாள் முடியுமுன்னே கட்டிவிடுவது நல்லது.

மின்கம்பியில் வரும் முன்கட்டண மானிகளிலும் இதே வேலைதான், எண் 20 இலக்கம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்த முறையில், ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் 1993 ஜனவரி 1 முதல் எத்தனை நிமிடம் கழிந்தது என்ற கணக்கு ஒளிந்திருக்கிறது. பழைய எண்ணை மானி அதை வைத்தே பிடித்துவிடும். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடம் 1,67,77,216 நிமிடங்களுக்குத்தான் போதும். அது 2024 நவம்பர் 24இல் தீர்ந்தது. அதற்குமுன் உலகெங்கும் கோடிக்கணக்கான மானிகளில் உள்ளிருக்கும் இரகசியச் சாவியை மாற்றி அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கவைக்கும் எண்கள் இரண்டை, 40 இலக்கங்களை, வீட்டுக்காரரே வரிசை தப்பாமல் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தாத வீட்டில் காசு கட்டினாலும் மானி புது எண்ணை ஏற்காது. முப்பது வருடத்துக்கு முன் யாரோ இடத்தை மிச்சம் பிடித்ததற்குக் கிழவிகள் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டி வந்தது!

நம் இலங்கையும் இதற்குப் புதிதல்ல. உலக வங்கிக் கடன் திட்டங்களில் 1997க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய விளக்கு போனது. சர்வோதயம் என்ற கிராம சேவை இயக்கத்தின் சீட்ஸ் போன்ற அமைப்புகள் சிறுகடன் கொடுத்தன. அந்தப் பெட்டிகளில் தூரத்துப் பூட்டு இல்லை. ஊருக்குள் மின்சார சபையின் தூண் வந்ததும் தகட்டுக்கு மதிப்புப் போனது, தவணை கட்டும் மனமும் போனது. பற்றரி வேறு சோதித்தது. அது முழுதாக இறங்கிவிடாமல் ‘கட்டுப்படுத்தி’ என்ற சிறு கருவி இணைப்பை வெட்டும். நாடகம் முடியவில்லையே என்று அதைத் தாண்டி டீவியை நேரே பற்றரியில் மாட்டுவார்கள். ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து பற்றரி சீக்கிரமே செத்துவிடும்.

அதற்கு முந்திய நிலையை மறக்கக்கூடாது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சாய்ந்து தீக்காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட குட்டைக் குப்பியை உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எல்இடி வந்த வீட்டில் அந்த ஆபத்தே இல்லை. சிறிய தகட்டின் பெரிய லாபம் அதுதான் என்பேன்.

மனித மேம்பாடு என்றால் அது போதுமா? கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி ஆகியவற்றை வைத்து வறுமையை அளக்க 2010இல் வந்த பல்பரிமாண வறுமைச் சுட்டியில் மின்சாரத்துக்கு 18இல் ஒரு பங்கு எடை. ஆனால் கேள்வி ஒன்றே: வீட்டில் மின்சாரம் உண்டா, இல்லையா? எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறது என்று தரம் பிரிக்கும் உலக வங்கியின் படிநிலைக் கணக்கில் முதற்படிக்கு நாளுக்கு 12 வாட்-மணி, இரண்டாம் படிக்கு 200.

நீங்களே கணக்குப் போடுங்கள். 8 வாட் தகட்டுக்கு நாலரை மணி நேர நல்ல வெயில் என்றால் 36 வாட்-மணி. கழிவு போக 25 மிஞ்சும். ஒன்றரை வாட் விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம்: 15. போன் ஒன்று: ஏறக்குறைய 8. மிச்சம் 2. ஒரு சின்ன டிசி மின்விசிறி 15 வாட் இழுக்கும். எட்டு நிமிடம் சுற்றி நின்றுவிடும்.