வால்டர் மோஸ்லியும் ஒரு சின்னப் பதிப்பகமும்

(சாத்தூரில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, விருதுநகரிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே (நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் அவர் உபயம், நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்கக் கூடாது), வாசகர் வட்டத்தின் பெரியோர்களே, கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மா அவர்களுக்கும் நன்றி. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் போர்த்துகிறார்கள். சரி, குளிர்காலம் வருகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் வால்டர் மோஸ்லியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கு விஷயங்கள் வைத்திருக்கிறேன். முதலில் அவருடைய வாழ்க்கை. இரண்டாவது, அவர் படைத்த துப்பறிவாளர் ஈஸி ராலின்ஸ். மூன்றாவது, அவருடைய அறிவியல் கதைகள். நான்காவது, சினிமாவும் தொலைக்காட்சியும். அரை மணி நேரம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

மோஸ்லி பிறந்தது 1952 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸில். அப்பா லீராய் மோஸ்லி, லூசியானாவிலிருந்து வந்த கறுப்பர், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்தார். அம்மா எல்லா, யூதப் பெண், ரஷ்யாவிலிருந்து குடியேறிய குடும்பம், அலுவலகத்தில் எழுத்தர். 1951-ல் இருவரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போனார்கள். கலிஃபோர்னியாவில் அப்போது சட்டப்படி தடை ஏதும் இல்லை. ஆனாலும் உரிமம் எழுதித் தர ஆள் இல்லை. சட்டப் புத்தகம் ஒன்று சொல்லும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் வேறொன்று சொல்வார். இதை நான் அமெரிக்கா போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நீங்களும்தான்.

பையன் ஒரே பிள்ளை. அப்பாவின் சொந்தபந்தமும் கூட்டாளிகளும் டெக்சாஸிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஊர்க்கதை பேசுவார்கள். யார் யாரை அடித்தார், யார் எவளோடு ஓடினார், எந்த வெள்ளைக்கார முதலாளி எப்படி ஏமாற்றினார். அம்மா பக்கத்தில் புத்தகம். ஒரு காது இங்கே, ஒரு காது அங்கே. ஆனால் எழுத்தாளனாக வேண்டும் என்ற எண்ணம் எதுவும் அப்போது இல்லை. 1977-ல் அரசியல் பாடத்தில் பட்டம் வாங்கினார், பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆனார். 1981-ல் நியூயார்க் வந்தார், மோபில் எண்ணெய் கம்பெனியில் வேலை.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. நிரல் எழுதி அலுத்துப்போய், மனதில் தோன்றிய ஒரு வாக்கியத்தை அடிக்கிறார். தெற்கு லூசியானாவில் புழுக்கமான நாள்களில் நெருப்பெறும்புகள் மொய்த்தன என்று. அவ்வளவுதான். அப்பா பிறந்த மண்ணின் எறும்பு மகனின் திரையில் ஊர்கிறது. இதைப் படித்தால் ஒரு நாவலின் முதல் வரி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாராம்.

எறும்பு என்றதும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முன்வரிசையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். இந்தப் பழமொழி இல்லாமல் நான் மேடை இறங்கியதில்லை, இன்று எறும்பே வந்து கதவைத் தட்டும்போது விடுவேனா?

ஹார்லெமில் உள்ள சிட்டி காலேஜில் எழுத்து வகுப்பில் சேர்ந்தார். அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் அயர்லாந்து நாவலாசிரியை எட்னா ஓ'பிரையன். நீ கறுப்பன், யூதன், இல்லாத வீட்டில் வளர்ந்தவன், உன்னிடம் இருப்பது பெரிய செல்வம், நாவல் எழுது என்றார் அந்த அம்மா. நம் ஊரில் ஒரு பையனிடம் உன் சாதி, உன் தெரு, உன் வீட்டுக் கஷ்டம் எல்லாம் உனக்குச் சொத்து என்று எந்த வாத்தியாராவது சொல்லியிருக்கிறாரா? இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்துகிறேன். தொடங்கிய நாளிலிருந்து தினமும் எழுதுவதாக மோஸ்லி சொல்கிறார். அறுபதுக்கு மேல் புத்தகங்கள். மறுபடி அந்தப் பழமொழியைச் சொல்லலாம், சொல்லவில்லை.

சரி, இரண்டாவது விஷயம். 1990-ல் ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’ வந்தது. கதை நடப்பது 1948-ல். ஈஸி ராலின்ஸ் ஹூஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்தவன், போரில் சண்டை போட்டவன், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். வேலை போய்விட்டது. ஆனால் அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. அந்த வீட்டின் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். மாதத் தவணை கட்ட வேண்டும். கறிக்கடைக்காரர்களின் கிடங்குக்கு மேலே, மாடியில் ஒரு மதுக்கடை. கெட்டுப்போன இறைச்சி நாற்றம். குடிக்க வருகிறவர்கள் கறி வெட்டும் கறுப்பர்கள்தான். அங்கே ஈஸி காலையிலேயே உட்கார்ந்திருக்கிறான். கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரன் வருகிறான். வெளிர் நிற லினன் கோட்டு, பனாமா தொப்பி, எலும்பு நிறச் செருப்பு, பளபளக்கும் வெள்ளைப் பட்டுக் காலுறை. அந்த இடத்தில் அந்த உடுப்போடு ஒருத்தன் வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியும். ஒரு பெண்ணைத் தேடித் தர வேண்டும், பணம் தருகிறேன் என்கிறான். ஈஸி ஒப்புக்கொள்கிறான். ஏன்? வீட்டுத் தவணை.

இதுதான் எனக்கு மோஸ்லியிடம் பிடித்தது. வழக்கமான துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபடுவான், ஊர் நிம்மதியாகத் தூங்கும். மோஸ்லி எழுதுவது நுவார், அதாவது இருண்ட குற்ற நாவல்; அதில் ஊரே சரியில்லை. ஈஸி போலீசிடம் போக முடியாது, போலீசே அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடிக்கிறது. அவனுடைய கூட்டாளி மவுஸ் இன்னும் மோசம். சின்ன உருவம், நல்ல உடுப்பு, சிரித்த முகம், கொலை அவனுக்குக் கைவந்த வேலை. இந்த நாவல் படமானபோது அதில் ஒரு காட்சி: ஒருத்தனைக் காவலுக்கு மவுஸிடம் விட்டுவிட்டு ஈஸி போகிறான். திரும்பி வந்தால் அந்த ஆள் பிணம். ஏண்டா என்று கேட்டால், ‘கொல்ல வேண்டாம்னா எதுக்குடா என்கிட்ட விட்டுட்டுப் போனே?’ என்கிற மாதிரி பதில் சொல்கிறான். சிரிப்பு வரும். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அந்த நண்பன் இல்லாமல் ஈஸி அந்த ஊரில் உயிரோடு இருக்க முடியாது என்பதும் உறைக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாவலிலும் வருஷம் நகர்கிறது. 1953, 1956, 1961, 1963. ஈஸிக்கும் வயதாகிறது, இரண்டு பிள்ளைகளைத் தத்து எடுத்து வளர்க்கிறான், ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஆகிறான். மோஸ்லியின் அப்பா பார்த்த வேலை! 2004-ல் வந்த ‘லிட்டில் ஸ்கார்லெட்’, 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி எரிந்து 34 பேர் செத்த அந்தக் கலவரத்தின் சாம்பல் சூட்டோடு தொடங்குகிறது. அது நடந்தபோது மோஸ்லிக்குப் பதின்மூன்று வயது. லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பர் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த நாவல்களைத்தான்.

1992-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பில் கிளிண்டன், எனக்குப் பிடித்த எழுத்தாளர்களில் ஒருவர் மோஸ்லி என்றார். விற்பனை பறந்தது. நம் தலைவர்கள் யாராவது மேடையில் ஒரு நாவலின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நகர்மன்றத் தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் படிக்கிறவர், எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு கதை சொல்லிவிடுகிறேன். மோஸ்லி கதை இல்லை, என் கதை. என் முதல் நாவலைச் சென்னையில் ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். பெயர் வேண்டாம். கடிதம் போட்டேன், பதில் இல்லை. தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், செத்தவர் வீட்டுக்குத்தான் தந்தி வரும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். கடைசியில் ரயிலேறிப் போய்விட்டேன். வாசலில் இருந்த தம்பி, ‘நாவலா? எந்த நாவல் சார்?’ என்றார். பெயர் சொன்னேன். அலமாரியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், பரணில் ஏறிப் பார்த்தார், அவர் மேல் விழுந்த தூசியை நான்தான் தட்டிவிட்டேன். கிடைக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப்பிள்ளையின் மேஜையைப் பார்க்கிறேன். மேஜை விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் ஒரு காகிதக் கட்டு. மேல் தாளில் டம்ளர் வைத்த வட்டக் கறை. கறைக்கு நடுவில் என் கையெழுத்து! ஐயா, அது என் நாவல் என்றேன். அவர் பதறாமல், ‘அதை உருவுனா ஃபேன் ஆடுமே சார்’ என்றார். பக்கத்தில் பழைய டெலிபோன் டைரக்டரி கிடந்தது. அதை விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு நாவலை மீட்டேன். உயரம் கச்சிதமாக இருந்தது.

ஊருக்கு வந்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில் புலம்பினேன். முதலாளி கட்டைப் புரட்டிப் பார்த்தார். ‘வைகாசி, ஆனி முகூர்த்தம் முடியட்டும் அண்ணாச்சி. ஆடியில மிஷின் சும்மாதான கெடக்கும், அடிச்சிருவோம்’ என்றார். கல்யாணமே நடக்காத ஆடி மாதத்தில் என் நாவல் பிறந்தது. முதல் பிரதியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் கொடுத்தார். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, மஞ்சள் கொஞ்சம் மங்கிவிட்டது.

ஏன் இதைச் சொன்னேன் என்றால், மோஸ்லி ஈஸியை வைத்து முதலில் எழுதியது ‘டெவில்’ இல்லை. ‘கான் ஃபிஷின்’ என்று ஒரு நாவல். ஈஸியும் மவுஸும் இளைஞர்களாக டெக்சாஸில் அலையும் கதை. அதைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு பெயரும் புகழும் வந்தது, 1995-ல் டென்சல் வாஷிங்டன் ஈஸியாக நடித்துப் படமும் வந்தது. அந்தப் பழைய நாவலை இப்போது கேட்டால் நியூயார்க்கில் யாரும் கொத்திக்கொண்டு போவார்கள். மோஸ்லி என்ன செய்தார்? பால்டிமோரில் ‘பிளாக் கிளாசிக் பிரஸ்’ என்று ஒரு சின்னப் பதிப்பகம். பால் கோட்ஸ் என்பவர் 1978-ல் தொடங்கியது. அச்சில் இல்லாமல் மறைந்துபோன கறுப்பர்களின் பழைய புத்தகங்களைத் தேடித் தேடி மறுபடி கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. முன்பணம் ஒரு டாலர்கூட வாங்காமல் நாவலை அவர் கையில் கொடுத்தார் மோஸ்லி. 1997-ல் வந்தது. அதே வருஷம், தான் படித்த சிட்டி காலேஜில், பதிப்புத் தொழிலுக்குள் நுழைய வழி தெரியாத சமூகங்களின் பிள்ளைகளுக்காக ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்கவும் முன்னின்றார். எழுதுகிறவன் கறுப்பனாக இருந்து, எதை அச்சிடுவது என்று தீர்மானிக்கிற அறையில் ஒரு கறுப்பர்கூட இல்லை என்றால் எப்படி என்பது அவருடைய கேள்வி.

2020-ல் அமெரிக்காவின் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கத்தை மோஸ்லிக்குக் கொடுத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான். நான்கு வருஷம் கழித்து, 2024-ல், அதே அமைப்பு இலக்கியச் சேவைக்கான விருதை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? பால் கோட்ஸுக்கு. எழுத்தாளருக்கு முதலில், பதிப்பாளருக்கு அப்புறம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பால்டிமோரில் யாருக்கும் தெரியாது, ஆனால் ஊர்ந்திருக்கிறார்கள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். அறிவியல் கதைகளில் ‘ஃப்யூச்சர்லாண்ட்’ படியுங்கள், அதற்கு மேல் இன்று நேரமில்லை. சினிமாவில் மவுஸாக டான் சீடில் நடித்ததைப் பாருங்கள். மற்றதைத் தேநீரின்போது பேசுவோம்.

மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் கிளம்புவதற்குள் இரண்டு கோரிக்கைகள். பேனா நிப்பு செய்து நாடு முழுக்க அனுப்பிய ஊர் இது, பக்கத்தில் சிவகாசி, அச்சு இயந்திரத்துக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம். இருந்தும் நம் ஊர்க்காரன் எழுதிய புத்தகத்துக்குச் சென்னை முகவரி இருந்தால்தான் மதிப்பு. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இந்த மாவட்டத்துச் சிறு பதிப்பாளர்களின் புத்தகங்களுக்கு என்று ஓர் அலமாரி வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் இல்லாமல். இது முதலாவது. இரண்டாவது, அலுவலருக்கு இல்லை, பெயர் வாங்கிவிட்ட எழுத்தாளர்களுக்கு. உங்கள் பத்துப் புத்தகங்களில் ஒன்றை ஊரில் உள்ள சின்னப் பதிப்பகத்துக்குக் கொடுங்கள், முன்பணம் கேட்காமல். என் அடுத்த நாவலை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஆடி மாதம் வரும்.

மனு வாசலில் உள்ள மேஜையில் இருக்கிறது. அலமாரிக் கோரிக்கைதான் அதில் எழுதியிருக்கிறது. பெயரும் தெருவும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் கைபேசி எண்ணையும் சேர்த்து. நன்றி, வணக்கம்.