பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிவு ரெடியா இருக்கணும் | பேஸ்பால் இன்ஃபீல்டு டிஃபென்ஸ்

[திரையில்: மைதான வரைபடம், நாலு பேஸ்]

பேஸ்பால்ல இன்ஃபீல்டர், அதாவது பேஸ்கள சுத்தி நிக்கிற ஃபீல்டர், பந்தைப் பிடிச்சுட்டு அப்புறம் யோசிக்க ஆரம்பிச்சா வேலைக்கே ஆகாதுங்க. அடிச்சவர் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்னு பேஸ் பேஸா ஓடி ஹோமுக்குத் திரும்பி வந்தா ஒரு ரன்; ஒரு பேஸுக்கும் அடுத்ததுக்கும் 90 அடி, அடிச்சவர் ஃபர்ஸ்ட் பேஸ் வர சுமாரா நாலு நாலரை செகண்டு, அதுக்குள்ள பந்தைப் பிடிக்கணும், க்ளவ்ல இருந்து கைக்கு மாத்தணும், குறி பாத்து எறியணும். எங்க எறியலாம்னு யோசிக்க அதுல நேரமே கிடையாது. அதனால பிட்ச்சர் பந்து போடுறதுக்கு முன்னாடியே எத்தன அவுட், ரன்னர் எங்க நிக்கிறாரு, எனக்கு வந்தா எங்க எறியணும்னு ஒவ்வொருத்தரும் தீர்மானிச்சு வச்சிருக்கணும்.

இதப் புரிஞ்சுக்க 2025 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ் டீம் டாட்ஜர்ஸும் ஃபிலடெல்ஃபியா டீம் ஃபில்லீஸும் ஆடுன பிளேஆஃப் சீரிஸ் ஒன்னு போதும்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். பின்னாடி பேஸ் எல்லாத்துலயும் ஆள் இருந்தா ரன்னர் ஓடியே ஆகணும், அப்ப கிரிக்கெட் ரன் அவுட் மாதிரி பந்தை வச்சுக்கிட்டு பேஸ மிதிச்சாலே அவுட், இதான் ஃபோர்ஸ். பின்னாடி ஆள் இல்லன்னா பந்தால ரன்னர் உடம்பையே தொடணும், அது டேக்.

[திரையில்: அக்டோபர் 6, ஃபிலடெல்ஃபியா, ரெண்டாவது மேட்ச்]

ஒன்பதாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் 4-1னு முன்னாடி இருந்தாங்க, அது 4-3 ஆயிடுச்சு, இன்னும் ஒரு அவுட் கூட விழல, செகண்ட் பேஸ்ல ஃபில்லீஸ் ரன்னர் காஸ்டெயானோஸ். அடிக்க வர்றவரு ஸ்டாட். பேட்டை வீசாம பந்தை மெதுவா தட்டி விடுற பன்ட் தான் வரும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க, ஏன்னா காஸ்டெயானோஸ் தேர்டுக்கு போயிட்டா அடுத்தவர் ஆழமா அடிச்சு கேட்ச் ஆனாலும், அந்த கேட்ச்சுக்கு அப்புறம் அவரு ஹோமுக்கு ஓடி ஸ்கோர சமன் பண்ணிடலாம். வழக்கமா இந்த இடத்துல டிஃபென்ஸ் தேர்ட விட்டுக் கொடுத்துட்டு ஃபர்ஸ்ட்ல ஒரு அவுட்ட வாங்கிக்கும்.

டாட்ஜர்ஸ் அத செய்யல. பிட்ச்சர மாத்தி வெசியா வந்தப்ப நடு மைதானத்துல கூடிப் பேசி வீல் பிளேன்னு முடிவு பண்ணாங்க. அதாவது தேர்ட் பேஸ்மேன் மன்சி தன் பேஸ விட்டுட்டு பன்ட்ட நோக்கி முன்னாடி பாய்வாரு, ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்துல இருந்து ஃப்ரீமனும் பாய்வாரு, காலியான தேர்டுக்கு ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கிறவர்) மூக்கி பெட்ஸ் ஓடணும், செகண்ட் பேஸ்மேன் ஃபர்ஸ்டுக்கு ஓடணும், மொத்த இன்ஃபீல்டும் சக்கரம் மாதிரி சுத்தும். ஸ்டாட் மட்டும் பன்ட் பண்ணாம அடிச்சிருந்தா ஷார்ட்ஸ்டாப் இடம் வெட்டவெளி, சாதாரண தரைப்பந்துலயே அவரு பத்திரமா பேஸ் சேர்ந்திருப்பாரு. அதுவும் இல்லாம ஃபர்ஸ்ட்ல ரன்னர் கிடையாது, அதனால தேர்ட்ல ஃபோர்ஸ் இல்ல, பெட்ஸ் ஓடி வந்த வேகத்துலயே பந்தையும் பிடிச்சு டேக்கும் வைக்கணும்.

ஸ்டாட் பன்ட் பண்ணாரு, மன்சி எடுத்து யோசிக்காம தேர்டுக்கு எறிஞ்சாரு, பெட்ஸ் அங்க இருந்தாரு, காஸ்டெயானோஸ் அவுட். மேட்ச் 4-3லயே முடிஞ்சுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மன்சி எறிஞ்சது தான், ஏன்னா பெட்ஸ் வந்துட்டாரான்னு நின்னு பாத்திருந்தா அந்த அவுட் கிடைச்சிருக்காது, வந்திருப்பாருன்னு முன்னாடியே நம்பி எறிஞ்சாரு பாருங்க.

[திரையில்: அக்டோபர் 9, லாஸ் ஏஞ்சலஸ், நாலாவது மேட்ச்]

மூணு நாள் கழிச்சு, 1-1, பதினோராவது இன்னிங்ஸ், மூணு பேஸ்லயும் ஆள், ரெண்டு அவுட். ஃபில்லீஸ் பிட்ச்சர் கெர்க்கரிங் போட, டாட்ஜர்ஸோட பாஹேஸ் அடிச்ச பந்து தரையோட நேரா அவருகிட்டயே வந்துச்சு, ஆனா கையில சரியா நிக்காம தட்டி விழுந்துருச்சு. ஹோமுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற கேட்ச்சர் ரியல்மூட்டோ ஃபர்ஸ்ட் பக்கம் கைய காட்டுறாரு. கெர்க்கரிங் அவசரமா ஹோமுக்கு எறிஞ்சாரு, குறி தப்பி பந்து பின்னாடி ஓடிடுச்சு, 2-1, ஃபில்லீஸ் சீரிஸே அதோட முடிஞ்சுது.

அவர திட்டுனவங்க நிறைய பேரு, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, அந்த நொடியில யாருக்கும் பதறும். ஹோமும் ஃபோர்ஸ் தான், அதனால ஹோம்ங்கிற முதல் முடிவுல தப்பே இல்ல, பந்து சுத்தமா கைக்கு வந்திருந்தா. தட்டுன உடனே கணக்கு மாறிடுது: தேர்ட்ல இருந்த ரன்னர் பாதி தூரம் வந்துட்டாரு, அடிச்சவருக்கு இன்னும் ஓட வேண்டியது நிறைய இருக்கு, ஏற்கனவே ரெண்டு அவுட்டுங்கிறதால, அடிச்சவர் ஃபர்ஸ்ட் தொடுறதுக்கு முன்னாடியே அவர அவுட் பண்ணிட்டா அது மூணாவது அவுட், இன்னிங்ஸ் முடிஞ்சுது, அந்த ரன்னே கணக்குல வராது. அதனால தான் கோச்சுங்க பிராக்டிஸ்ல வேணும்னே பந்த தட்ட விட்டு எடுக்கச் சொல்லுவாங்க, சுத்தமா வந்தா எங்க, தட்டிருச்சுன்னா எங்கன்னு பிட்ச்சுக்கு முன்னாடியே ரெண்டு பதிலும் கையில இருக்கணும்னு.