நரம்பு தொடும் இடமெல்லாம்

வணக்கம் நேயர்களே.

தூண்டில் போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் தப்பிப்போன மீனின் கதை ஒன்று வைத்திருப்பார்கள். என் கதையில் மீன் கொஞ்சம்தான் வருகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கனமான மீன். முள் ஏறியதும் ஒரே ஓட்டம். தூண்டில் கோலில் பூட்டியிருந்த ரீல் தடங்கலில்லாமல் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நரம்பு அந்த வாரம்தான் மாற்றியது. முடிச்சை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீசியிருந்தேன். அந்தத் தெம்பில் நின்றுகொண்டிருந்தபோது பட்டென்று கை லேசாகிவிட்டது.

முள் பக்கம்தான் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அறுந்த முனை என் மூக்குக்குக் கீழேயே தொங்கியது, ரீலுக்கும் கோலின் முதல் வளையத்துக்கும் நடுவில். விரலால் தடவினால் சொரசொரப்பு. நெருப்பில் காட்டியது போலச் சுருண்டிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க வீட்டுக்கு வந்து ரீலை மேசையில் வைக்க வேண்டியிருந்தது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பைப் பிடித்துச் சுற்றிவிடும் வளைகம்பி ஒன்று உண்டு, பெயில் என்பார்கள். அந்தக் கம்பியின் ஒரு முனையில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உருளை ஒன்று இருக்கும். கோலிலிருந்து நேராக வரும் நரம்பு அந்த உருளையில் பட்டுத்தான் செங்குத்தாகத் திரும்பி, நரம்பைச் சேர்த்து வைக்கும் ஸ்பூலில் சுற்றுகிறது. மீன் இழுக்கும்போது முழு பாரமும் அதன் மேல்தான். என் ரீலில் அந்த உருளைக்குள் உப்பு பூத்து இறுகிப்போயிருந்தது. சுழலவே இல்லை. சுழலாத உலோகத்தின் மேல் நரம்பு வேகமாக உரசி ஓடினால் சூடேறும். ஏற்கனவே அதில் மெல்லிய கோடு போலப் பள்ளமும் விழுந்திருந்தது. அப்புறம் நரம்பு எப்படித் தாங்கும்?

அன்றைக்கு வந்த பழக்கம் இன்னும் போகவில்லை. தூண்டில் சாமான் எதைக் கையில் எடுத்தாலும் நரம்பு எங்கெல்லாம் தொடுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். இன்றைய பேச்சும் அந்த வழியிலேயே போகும்.

ரீல் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நரம்பை உருளை மேல் வைத்து, இரண்டு பக்கமும் லேசாகப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். உருளை கூடவே சுழல வேண்டும். நரம்பு மட்டும் வழுக்கினால் அது நின்றுவிட்டது என்று அர்த்தம். திருகைக் கழற்றி உருளையைத் துடைத்து, உள்ளே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் பூட்டினால் போதும், பத்து நிமிட வேலை. கழற்றும்போது எது முதலில் வந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மணி அளவு வாஷர் தரையில் விழுந்து உருண்டால் தேடுவது தனி வேலை. வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுவது என் வழக்கம்.

உப்பு எப்படி உள்ளே போகிறது? பாதி கடலால், மீதி நம்மால். கரைக்கு வந்ததும் ரீலைக் குழாய்க்கு அடியில் நீட்டி வேகமாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். வெளியில் ஒட்டியிருந்த உப்பை அந்த வேகமே இடுக்குக்குள் தள்ளிவிடுகிறது. வாளித் தண்ணீரில் முக்கி வைப்பது இன்னும் மோசம். பூவாளியில் விடுவது போல மெல்லிய தூறல் போதும். அதற்கு முன் டிராக் குமிழை, அதாவது மீன் இழுக்கும்போது எவ்வளவு தடையோடு நரம்பு வெளியே போக வேண்டும் என்று வைக்கிற குமிழை, இறுக்கித் திருகிவிடுங்கள், தண்ணீர் வாஷர்களுக்குள் இறங்காது. கழுவித் துடைத்ததும் அதே குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டு நிழலில் வையுங்கள். நன்னீரில் மட்டும் மீன் பிடிக்கிறவர்களுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. மணலும் சேறும் மட்டும் அவர்களையும் விடாது.

டிராக்கை ஏன் தளர்த்த வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே கம்பளி போன்ற ஃபெல்ட் வாஷரோ கார்பன் வாஷரோ உலோகத் தட்டுகளுக்கு இடையில் அடுக்கி இருக்கும். மாதக் கணக்கில் இறுக்கியே வைத்தால் அவை நசுங்கித் தட்டில் ஒட்டிக்கொள்ளும், ஃபெல்ட் வாஷர் என்றால் இன்னும் சீக்கிரம். அப்புறம் மீன் இழுக்கும்போது முதலில் பிடித்து நிற்கும், பிறகு திடீரென்று விடும், மறுபடி நிற்கும். இந்த வெட்டி வெட்டி இழுப்பில்தான் நரம்பு அறுகிறது. மீனின் பலத்தைக் குறை சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதையும் விரலால் இழுத்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் சுருள்வில் தராசு ஒன்றை மாட்டிப் பார்த்தபோது என் விரல் எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்தது. நரம்பின் தாங்கு திறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது வழக்கமான கணக்கு. 8 கிலோ நரம்பு என்றால் 2 கிலோவில் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். கோலை வளைத்துப் பிடித்துக்கொண்டு, முனையிலிருந்து வரும் நரம்பில் தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள். வளையங்களின் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் சுற்று குறையும், அதன் சுற்றளவு சிறுக்கும். குமிழை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் நரம்பின் மேல் விழும் இழுவை ஏறிக்கொண்டே போகும். ஆரம் 25 மில்லிமீட்டரிலிருந்து 20க்கு இறங்கினால், 2 கிலோவுக்கு வைத்த டிராக் இரண்டரைக் கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பின் உராய்வு வேறு. தூரம் போன மீனைப் பார்த்துப் பயந்து குமிழை இன்னும் இறுக்குகிறோமே, அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு.

எண்ணெயும் கிரீஸும் பற்றி ஒரு வார்த்தை. பற்சக்கரங்களுக்குக் கிரீஸ். பேரிங்குக்கும் உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் மெல்லிய எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற, ஒரு பக்கம் மட்டுமே சுழலும் பேரிங் உள்ளே இருக்கிறது, அதில் மறந்தும் கிரீஸ் படக் கூடாது. பட்டால் அதன் சிறு உருளைகள் பிடிப்பு இழந்து, முள்ளை வெட்டி இழுக்கிற நேரத்தில் கைப்பிடி பின்னால் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும். எனக்கு ஒரு முறை அடித்திருக்கிறது. துருவை இளக்கும் ஸ்பிரே எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை ரீலுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். வெளிப்புறம் துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நரம்புக்கே வருவோம். நைலான் நரம்பு நீளும், அதிர்ச்சியைத் தாங்கும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் வலு குறையும், ஸ்பூலில் கிடந்த வளைவை மறக்காது. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது. மீன் மூச்சு விட்டால்கூடக் கையில் தெரியும் என்பார்கள், கொஞ்சம் மிகைதான். அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியது. ஆனால் 150 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள், சூடான உருளையும் வெடித்த வளையமும் அதற்கு எமன். மூன்றாவது புளோரோகார்பன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோகார்பன் 1.42, நைலான் 1.5க்கு மேல். ஆக, நைலானைவிட மங்கலாகத் தெரியும், மறைந்துவிடாது. நான் அதை வாங்குவது பாறையில் உரசினாலும் சட்டென்று தேயாது, தண்ணீரில் அமிழும் என்பதற்காக. முள்ளுக்கு முன்னால் இரண்டு முழம் கட்டினால் போதும், ஸ்பூல் நிறையச் சுற்றத் தேவையில்லை.

பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கி உருளும், டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திட்டுவீர்கள். அடியில் சில சுற்று நைலான் சுற்றிவிட்டு அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கொத்தாகக் கொட்டும், ரொம்பக் குறைந்தால் வீச்சு தூரம் போகாது. வீசியதும் பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள். முறுக்கும் தளர்ந்த வளையமும் பெரும்பாலும் அந்த நொடியில்தான் விழுகின்றன. ஏற்கனவே முறுக்கேறிய நரம்பு என்றால் முனையில் எதுவும் கட்டாமல் ஓடும் தண்ணீரில் முழு நீளத்துக்கும் விட்டுவிட்டு மெல்லச் சுற்றி எடுங்கள், தானே பிரிந்துகொள்ளும். எந்த முடிச்சையும் எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

ரீலிலிருந்து மேலே போனால் கோலின் வளையங்கள். நுனி வளையம்தான் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. உள்ளே பதித்த பீங்கான் வட்டத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு மெல்லச் சுற்றுங்கள். வெடிப்பு இருக்கிற இடத்தில் ஒரு துளி பஞ்சு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு கோலில் மூன்று மாதமாக நரம்பு அறுந்துகொண்டே இருந்ததாம். நான்கு விதமான நரம்பு மாற்றிப் பார்த்துவிட்டார் நண்பர். பஞ்சு காட்டிக் கொடுக்க அரை நிமிடம் ஆனது.

கோல் உடைந்தது என்று வருகிறவர்களில் மீன் உடைத்ததாகச் சொல்கிறவர்கள் அதிகம். கிண்டிக் கேட்டால் வண்டிக் கதவு வரும், மின்விசிறி வரும், மீனைக் கரைக்குத் தூக்கும்போது கோலைத் தலைக்கு மேல் நிமிர்த்திய கதை வரும். கார்பன் கோலை அப்படி நிமிர்த்தினால் வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் போய்க் குவிந்துவிடும். கண்ணாடி இழைக் கோல் கனம், ஆனால் இந்தக் கொடுமையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்கம்பிக்கு அடியில் வீச வேண்டாம், இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு துண்டுக் கோலின் இணைப்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் வழியில் கழலாது, இறுகியும் போகாது. இறுகிவிட்டதா? குந்தி உட்கார்ந்து, கோலை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, கால்களுக்கு வெளியே இரு துண்டையும் பிடித்துக்கொண்டு முழங்கால்களை மெல்ல விரியுங்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் இணைப்பு நேராகக் கழன்று வரும். முறுக்கினால் வளையம் உடையும்.

வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைப்பிடிக்கு மேலே கோலிலேயே எத்தனை கிலோ நரம்பு, எத்தனை கிராம் எடை வீசலாம் என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள், ரீலை அதற்குப் பொருத்துங்கள். ரீல் பெட்டியின் மேல் பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க இன்னோர் இடம். நல்ல நான்கு போதும். பற்சக்கர விகிதம் 5.2:1 என்று போட்டிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுக்கு, பெயிலைச் சுமந்து சுற்றும் ரோட்டர் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றுகிறது. எண் பெரிதானால் வேகம் கூடும், கனத்தை இழுக்கும் வலு குறையும். கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள், மெதுவாகச் சுற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள், டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பு கட்டி இழுத்துப் பாருங்கள். முதல் இழுப்பில் தயங்கினால் கீழே வைத்துவிடுங்கள்.

இந்த ஸ்பின்னிங் ரீலே ஓர் ஆலைக்காரர் மூளையில் உதித்தது. இங்கிலாந்தின் பிராட்போர்டில் கம்பளி ஆலை நடத்திய இல்லிங்வொர்த் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆலையில் கண்டுகள் சுழலாமல் நிற்க, நூல் மட்டும் முனை வழியாக உருவி வருவதைப் பார்த்த கண்ணுக்கு ரீலும் அப்படித் தெரிந்திருக்கிறது. நாம் இன்று வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்பது அதனால்தான்.

முள்ளைப் பற்றி நேரம் இல்லை. கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் பிடித்துக்கொண்டால் கூர்மை, வழுக்கினால் அரம் போடுங்கள் அல்லது மாற்றுங்கள். நனைந்த முள் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டால் மறுவாரம் பெட்டி முழுக்கத் துருதான்.

பழைய நரம்பைக் கழற்றினீர்கள் என்றால் சுருளாகக் கரையில் விட்டுவிடாதீர்கள். பறவைக் காலில் சுற்றினால் அது அவிழ்க்க முடியாத முடிச்சு. நான் விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். மேசைக்கு அடியில் இப்போது இரண்டாவது டப்பா பாதி நிறைந்திருக்கிறது.

வணக்கம்.