ரெவலேஷன் ஸ்பேஸ் தலை சுற்றுகிறதா? மேலே உள்ள ஆண்டைப் பாருங்கள்

அடுத்த கேள்வி. "அலஸ்டெய்ர் ரெனால்ட்ஸின் ரெவலேஷன் ஸ்பேஸ் என்ற விண்வெளி நாவலை எழுபது பக்கம் படித்துவிட்டேன், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை, விக்கி பார்த்துக்கொண்டே படிக்கலாமா, இல்லை வேறு பாகத்திலிருந்து தொடங்கலாமா" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இடமும் ஆண்டும் போட்டிருக்கிறதே, அதைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். நானும் முதல் தடவை படிக்கவில்லை, பாதியில் விட்டு அலமாரியில் போட்டுவிட்டேன், இரண்டு வருடம் அங்கேயே தூசி தின்றது.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ரெசர்கம் என்ற கிரகத்தில் சூறாவளி நெருங்கி வருகிறது, சில்வெஸ்ட் என்ற தொல்லியல் ஆய்வாளர் குழியைவிட்டு ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், அது 2551. உடனே வோல்யோவா, நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலில், அது 2543. அப்புறம் கூரி, கேஸம் சிட்டி என்ற நகரத்தில், காசுக்குக் கொலை செய்கிறவள், அது 2524. அடுத்தடுத்துப் படிப்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம், சறுக்குவது அங்கேதான்.

ஏன் இப்படி எழுத வேண்டும் என்றால், ரெனால்ட்ஸ் வானியல் படித்தவர், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பலை இந்தக் கதையில் அவர் விடவே மாட்டார். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வருடக்கணக்கில் ஆகும், கப்பலில் இருப்பவர்கள் உறைந்து தூங்குவார்கள், இறங்கும்போது ஊரில் ஆட்சியே மாறியிருக்கும். அதனால் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டுமென்றால் கதை வெவ்வேறு ஆண்டுகளில் கிளம்பித்தான் ஆக வேண்டும். இது புரிந்ததும் எனக்குக் குழப்பம் போய், கொஞ்சம் பயமே வந்தது, ஏனென்றால் சில்வெஸ்டைத் தேடி வோல்யோவாவின் கப்பல் கிளம்பிவிட்டது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இரண்டாவது தடவை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் மூன்று பெயர், மூன்று ஆண்டு எழுதிப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். வேறு ஒன்றுமே செய்யவில்லை.

விக்கி வேண்டாம். சில்வெஸ்ட் பெயரைத் தட்டினால் கடைசி அத்தியாயம் வரை கொட்டிவிடும். அல்ட்ரா, கன்ஜாய்னர், மெல்டிங் பிளேக் என்று நாவலில் வார்த்தைகள் வந்து விழும், ரெனால்ட்ஸ் நின்று விளக்க மாட்டார், விடுங்கள். மெல்டிங் பிளேக் என்பது இயந்திரங்களுக்கு வரும் கொள்ளைநோய், உடம்புக்குள் இயந்திரம் வைத்திருப்பவர்களையும் விடாது. கேஸம் சிட்டியின் கட்டடங்கள் கோணல்மாணலாக நிற்பதைப் படிக்கும்போது அது தானாகப் புரியும்.

வரிசை? 2000இல் வந்த இதிலேயே தொடங்குங்கள். 2001இல் வந்த கேஸம் சிட்டி தனிக்கதை, இதைவிட வேகமாகப் போகும், ரொம்ப முடியவில்லை என்றால் அதற்குத் தாவலாம், தப்பில்லை. பிறகு ரிடெம்ப்ஷன் ஆர்க், அப்சல்யூஷன் கேப். கடைசியாகச் சொன்னதன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அவசரமாக மூட்டை கட்டியது போல இருக்கும், ஆனால் அது இன்னும் ஆயிரம் பக்கத்துக்கு அப்பால் உள்ள கவலை.

அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் முதல் புத்தகம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரிடெம்ப்ஷன் ஆர்க்குக்கும் வேண்டியிருக்கும்.