அப்பாவின் 38,000 மெயிலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குறைத்தோம்

வணக்கம் நண்பர்களே. இன்று வெளியே எங்கும் போகவில்லை. வீட்டு ஹாலில், அப்பாவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய ஜிமெயிலில் படிக்காத மெயில் மட்டும் 38,000-க்கு மேல் கிடந்தது. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி போன மாதம் வந்த மெயில் அந்தக் குவியலுக்குள் போய்விட்டது. கடைசி நாள் தாண்டி 19 நாள் கழித்து, வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது. 30 நாள் சலுகைக் காலம் இருந்ததால் பாலிசி தப்பியது. ஆனால் அந்த 19 நாளும் 67 வயது மனிதர் காப்பீடு இல்லாமல் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன். ஒரு மணி நேரத்தில் 300 போனது. அதற்குள் புதிதாக ஏழெட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. மழையில் ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்போமே, அதே கதை. கூரையில் ஏறினால்தான் தீரும். அதனால் மெயிலை விட்டுவிட்டு, அனுப்புகிறவர்களைப் பிடித்தேன்.

இதைக் கணினியில் செய்யுங்கள், போனில் இவ்வளவு சுலபமாக வராது. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘அன்சப்ஸ்கிரைப்’, அதாவது ‘இனி அனுப்ப வேண்டாம்’, என்ற சொல்லை அடியுங்கள். கூட்டமாக அனுப்பப்படும் மெயில்களில் இந்தச் சொல் எங்காவது இருக்கும், அதனால் அவை எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். அதில் ஒன்றின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால், அதே ஆள் அனுப்பிய எல்லா மெயிலையும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அப்பாவுக்கு ஒரே ஒரு துணிக்கடை 4,100 மெயில் அனுப்பியிருந்தது! ஒரு தடவை பில் போடும்போது கவுன்டரில் முகவரி கொடுத்ததோடு சரி.

இப்போது மேலே இருக்கிற சின்னக் கட்டத்தை டிக் செய்தால், அந்தப் பக்கத்தில் உள்ள 50 மட்டும்தான் தேர்வாகும். பலர் இங்கேயே சலித்து நிறுத்திவிடுகிறார்கள். டிக் செய்ததும் பட்டியலுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும், இந்தத் தேடலில் கிடைத்த அனைத்தையும் தேர்ந்தெடுக்கவா என்று. அதை அழுத்துங்கள். பிறகு மேலே இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினால் 4,100-ம் ஒரே அடியில் போய்விடும்.

ஆனால் அழிப்பதற்கு முன்னால் அனுப்புகிறவரை நிறுத்த வேண்டும். ஒரு மெயிலைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று இருக்கும். முன்பு இதை அழுத்தினால் எங்கெங்கோ கூட்டிப்போய்க் காரணம் கேட்பார்கள். 2024-இல் கூகுளும் யாஹூவும் ஒரு விதி கொண்டுவந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிற நிறுவனங்கள், தங்கள் விளம்பர மெயில்களை ஒரே கிளிக்கில் நிறுத்த வழி வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்தியும் விட வேண்டும். அதனால் இப்போது இது உண்மையிலேயே வேலை செய்கிறது, நம்பி அழுத்தலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். லாட்டரி விழுந்தது, வங்கிக் கணக்கு முடங்கியது என்று முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வருவதில் எதையும் அழுத்தாதீர்கள். அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும். அதை ஸ்பேம் என்று குறித்தால் போதும்.

அப்புறம் இடப் பிரச்சினை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தபோது 1 ஜிபி கொடுத்தது. அந்தச் சமயத்தில் ஹாட்மெயிலில் 2 எம்பிதான். எதையும் அழிக்க வேண்டாம் என்ற பழக்கம் நமக்கு அப்போது வந்தது. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பிவிட்டால் நமக்கு வருகிற மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘லார்ஜர்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘10எம்’ என்று சேருங்கள். 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வரும்.

இந்தப் பட்டியலை மட்டும் தயவுசெய்து மொத்தமாக அழிக்காதீர்கள். அப்பாவுடையதில் 2012-இல் சித்தப்பா அனுப்பிய ஒரு மெயில் இருந்தது. பாட்டியின் கல்யாணப் போட்டோவை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் அசல் இப்போது இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

கடைசியாக, தவறவே விடக்கூடாத மெயில்கள். அப்பாவுக்கு வங்கி, காப்பீடு, வருமான வரித் துறை, மருத்துவமனை, நாங்கள் இரண்டு பிள்ளைகள், இவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபில்டர் போட்டு, ஸ்பேமுக்குப் போகவே கூடாது, ஸ்டார் விழ வேண்டும், ‘முக்கியம்’ என்ற லேபிளில் சேர வேண்டும் என்று வைத்துவிட்டேன். தினமும் காலையில் அந்த லேபிளை மட்டும் பார்த்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். காப்பீட்டின் கடைசி நாளை ஹாலில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலும் எழுதிவிட்டோம்.

இப்போது இன்பாக்ஸில் 212 இருக்கிறது. அழித்ததெல்லாம் டிராஷில் 30 நாள் இருக்கும், அதுவரை இடமும் காலியாகாது. நினைத்தால் இப்போதே காலி செய்யலாம், ஆனால் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வரை அப்பா ஒரு தடவை நிதானமாகப் பார்க்கட்டும். சித்தப்பா அனுப்பியது இன்னும் ஏதாவது அதற்குள் இருக்கலாம் என்கிறார்.