வெந்நீர் ஊற்றில் ஒரு பழைய சாயல்

நேயர்களுக்கு வணக்கம். இன்று வைரஸ்களின் பூர்வீகம் பற்றிப் பேசலாம், நெற்களத்திலிருந்து தொடங்குகிறேன். குறுவை அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் களம் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மறுநாள் அம்பாரத்துக்குள் கையை விட்டால் சுடும். நெல் விடும் மூச்சு பாதி, நுண்ணுயிர்களின் வேலை பாதி. எருக்குழியில் சூடு 60 டிகிரியைக்கூடத் தாண்டும். அந்தச் சூட்டிலும் சுகமாக வளரும் பாக்டீரியாக்கள் உண்டு, அவற்றைத் தொற்றும் வைரஸ்களும் உண்டு.

இதெல்லாம் இளஞ்சூடு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 80 டிகிரிச் சூட்டில், புளித்த அமில நீரில், சல்ஃபோலோபஸ் என்றொரு உயிரி வாழ்கிறது. பாக்டீரியா அல்ல, 1977-இல் கார்ல் வூஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி தனியாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர் வகை. அதைத் தொற்றும் ஒரு வைரஸின் கட்டமைப்பு 2004-இல் வெளிவந்தது. அதன் மேலோட்டுப் புரதம் மடிந்திருக்கும் விதம், பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸிலும், நமக்குச் சளி பிடிக்க வைக்கும் அடினோவைரஸிலும் அப்படியே இருக்கிறது. மரபணு எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உறவே தெரியாது. மடிப்பு மட்டும் ஒன்று.

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்துத்தான் சிலைக்கு அளவு எடுப்பார்கள். முகம் மாறும், கை மாறும். உறுப்புகளுக்கு இடையிலான விகிதம், அதாவது தாள அளவு, மாறாது. அதைப் பார்த்தே ஒரே மரபு என்று சொல்லிவிடலாம். இந்த வைரஸ்களும் அப்படித்தான். ஆர்க்கியா, பாக்டீரியா, நம் வகை உயிர்கள் என்று மூன்று கிளை பிரியும் முன்பே அந்த ஓடு இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். பிற்காலத்தில் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எழுத்துகள் இவ்வளவு தேய்ந்து போக நெடுங்காலம் ஆகியிருக்கும், அதனால் எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது.

சரி, அப்படியானால் எல்லா வைரஸுக்கும் ஒரே பாட்டன்தானா? அங்கேதான் சிக்கல். இத்தாலியின் பொசுவோலி என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஆர்க்கியா வைரஸ் ஒன்று எலுமிச்சம்பழம் போல செல்லைவிட்டு வெளியே வருகிறது. வந்த பிறகு, உதவிக்கு எந்தச் செல்லும் இல்லாமல், அந்தச் சூட்டிலேயே இரண்டு பக்கமும் வால் முளைக்கிறது! இன்னொன்று பாட்டில் வடிவம். பாக்டீரியா வைரஸ்களில் இந்த உருவங்களுக்கு ஜோடி கிடையாது. எந்தப் பட்டறை அளவுக்கும் ஒத்துவராத சிலைகள் இவை. வேறு பாட்டன்களும் இருந்திருக்க வேண்டும்.